கை வேணும், வாய் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கனடாவின் ஸ்காபுறோவில் அந்தத் தெருவிலுள்ள மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் புல்லு வெட்டிக்கொண்டும் கார் கழுவிக்கொண்டும் மரியாதையாக இருந்தார்கள். ரதியின் வீட்டு வாசலில் மட்டும் ஐம்பது வயது தாண்டிய ஆறு ஆண்கள், ஒரு வான் வண்டியின் பின்பக்கக் கொளுக்கியில் தடித்த கயிற்றைக் கட்டி, "இழு! விடாதை, இழு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். வானுக்கு ஹான்ட்பிறேக் போட்டிருந்தது. அது அசையாது என்பது இழுக்கிறவர்களுக்கும் தெரியும். அதுதான் பயிற்சியாம்.

எதிர்வீட்டுப் பெண் தன் கைபேசியில் படம் எடுப்பதைக் கண்ட ரதி, யன்னல் திரையை இழுத்து மூடினாள். மானம் போனால் போகட்டும், கண்ணாலாவது காணாமல் இருப்போம் என்றுதான்.

கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்ற பெருத்த மனிதர்தான் அவளுடைய கணவர் நவரட்ணம். ஐம்பத்து மூன்று வயது. ஒஷாவாவில் ஒரு பொதிக்கிடங்கில் மேற்பார்வையாளர். வேலையில் கதிரை, போகவர வான், வீட்டுக்கு வந்தால் சோபா. பனிக்காலத்தில் வாசலில் பனி தள்ளுவதைத் தவிர, உடம்பு வளைந்து அவர் ஒரு வேலை செய்து ரதி கண்டதில்லை. அதிலும் பாதியை அவளே தள்ளுவாள். ஆனால் ஜூன் பிறந்தால் போதும், மனிதருக்குப் பேய் பிடித்துவிடும். ஜூலையில் பழைய மாணவர் சங்கங்களின் விளையாட்டு விழா. அதில் கயிறிழுத்தல் போட்டி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களிடம் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டு வருகிறார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தி விட்டுவந்த பள்ளிக்கூடத்தின் மானம் இந்த ஆறு பேரின் தொடையில்தான் தொங்குகிறதாம். என்னத்தைச் சொல்ல!

பன்னிரண்டு மணிக்கு நவரட்ணம் உள்ளே வந்து படியில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"இஞ்சேரும், அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா போன் அடியும்."

"எந்தப் பிள்ளைக்கு?"

"நிரோஷினிக்குத்தான். காலை உருவி விட்டாத்தான் நாளைக்கு நான் வேலைக்குப் போகலாம்."

"ஞாயிற்றுக்கிழமையப்பா. அவவுக்கும் குடும்பம் குட்டி இல்லையே?"

"பத்து நிமிசந்தானே. எங்கட ஆள்தானே."

நிரோஷினி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நாற்பது வயது. ஊரில் காற்பந்துக் குழு ஒன்றுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவரின் மகள். தகப்பனிடம் கை பழகியதோடு நிற்காமல், இங்கே கல்லூரியில் இரண்டு வருடம் தசை, நரம்பு, எலும்பு என்று எல்லாம் படித்து, சோதனை எழுதி, மசாஜ் சிகிச்சைக்கு லைசன்ஸ் எடுத்தவள். கிழமை நாட்களில் மார்க்கம் நகரில் ஒரு கிளினிக்கில் வேலை. வீட்டுப் பேஸ்மென்றிலும் ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய சான்றிதழ் அங்கே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதை வாசித்தவர் ஒருவருமில்லை. வருகிறவர்கள் எல்லாரும் குப்புறப் படுத்துக்கொண்டல்லவா இருக்கிறார்கள்!

அன்றைக்கு அவள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, நவரட்ணத்தின் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் மெதுவாக உருவினாள். எந்த இடத்தில் தசை முடிச்சுப் போட்டிருக்கிறது, எந்த இடத்தில் அமத்தினால் துள்ளுவார் என்று அவளுடைய விரலுக்கே தெரிந்திருந்தது. அரை மணித்தியாலத்தில் மனிதர் குறட்டை விடத் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, தசை களைச்சுப்போச்சு, அவ்வளவுதான்," என்றாள் எழுப்பிவிட்டு. "ரெண்டு மூண்டு நாளைக்குக் கயிற்றைத் தொடாதேங்கோ. மெதுவா நடவுங்கோ. தண்ணி நல்லாக் குடியுங்கோ. பிறகு கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டோணும்."

"ஓமோம். உந்தத் துடையில இன்னும் கொஞ்சம் இறுக்கி அமத்தும்."

"இறுக்கினா நோ கூடுமண்ணை. இது துணி பிழியிற வேலையில்லை."

"நீர் கதைக்காமல் அமத்தும் தங்கச்சி."

ரதி மூலைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் நவரட்ணம் மான்குட்டி போலப் படியேறினார். அதுதான் வினையாகிவிட்டது. உடம்பை என்ன பாடு படுத்தினாலும், ஒருக்கா எண்ணெய் போட்டு உருவினால் எல்லாம் சரி என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நிரோஷினி சொன்ன மற்றக் கதையெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இதிலே ரதியும் ஒன்றும் சுத்தமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மார்க்கத்தில் ஒரு கலியாண வரவேற்பு. சாப்பாட்டு மேசையில் ஒரு சொந்தக்காரி கேட்டாள்: "ரதி, உவர் போன ஞாயிறு நொண்டினவர், இப்ப நல்லா நடக்கிறார். ஆரிட்டக் காட்டினனீங்கள்?"

"மார்க்கத்தில ஒரு பிசியோ இருக்கிறார்," என்றாள் ரதி. கூசாமல் சொன்னாள்.

நிரோஷினி அதே மேசையில், நாலு கதிரை தள்ளி இருந்தாள். தலையை நிமிர்த்தி ரதியை ஒருக்கா பார்த்தாள். பிறகு தன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த வடையைப் பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

ரதிக்கு முகம் சுட்டதுதான். ஆனால் என்ன செய்கிறது? மசாஜ் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு வந்துவிடும். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடிப்பார்கள். பெண்கள் வாயைப் பொத்துவார்கள். அதனால்தான் எல்லாரும் நிரோஷினியின் வீட்டுப் பக்கக் கதவால் போய், பக்கக் கதவால் வந்து, வெளியிலே பிசியோ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

சனிக்கிழமை சங்கத் தலைவர் இராஜரட்ணத்துக்கு ஞானம் பிறந்தது. கயிறு நிற்பது தொடைப் பெலத்தில்தான். ஆகவே ஆளுக்கு முந்நூறு தோப்புக்கரணம் என்று வாட்ஸ்அப்பில் உத்தரவு போட்டார். பிள்ளையாருக்கு முன்னால் மூன்று போட்டுவிட்டு மூச்சு வாங்குகிற ஆட்கள்! பூங்காவில், முப்பத்து மூன்று பாகை வெக்கையில், காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பினார்கள். மற்றவர்கள் நூறோடும் நூற்றைம்பதோடும் கழன்றுவிட்டார்கள். கயிற்றைக் கடைசியில் நின்று தாங்குகிற ஆள் என்ற பெருமையில் நவரட்ணம் மட்டும் முந்நூறையும் முடித்தார். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாரா? இல்லை. இரண்டு பியர் குடித்தார்.

ஞாயிறு காலை அவரால் கக்கூசில் குந்தி எழும்ப முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நோக் குளிசை இரண்டு போட்டார். மத்தியானம் இன்னும் இரண்டு போட்டார். பின்னேரம் ரதி குளியலறைக்குள் போனபோது, அவர் தண்ணீர் அடித்துவிட மறந்திருந்தார். உள்ளே கிடந்தது சிறுநீரின் நிறமே இல்லை. பால் விடாமல் நன்றாகச் சாயம் இறங்கின பிளேன்ரீ மாதிரி இருந்தது.

"என்னப்பா இது? சலம் இப்பிடிப் போகுது?"

"சூடு. வெக்கைக்குள்ள நிண்டதில உடம்பு சூடு பிடிச்சிட்டுது. கொஞ்சம் வெந்தயம் ஊறப்போட்டுத் தாரும்."

ரதியும் வெந்தயம் ஊறப்போட்டாள். பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் பதினான்கு வருடமாக இருக்கிறவள். காய்ச்சல் என்று ஆரும் சொன்னால் உடனே டொக்டரிட்டப் போங்கோ என்று புத்தி சொல்கிறவள். தன் வீடென்று வந்ததும் வெந்தயம்!

திங்கட்கிழமை நவரட்ணம் வேலைக்குப் போகவில்லை. மாலை ஐந்து மணிக்கு ரதி வானை ஓட்டி, அவரை நிரோஷினி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வழக்கமான பக்கக் கதவு. பேஸ்மென்றுக்கு ஒன்பது படி. ஒவ்வொரு படியிலும் இருந்து இருந்து, சின்னப் பிள்ளை மாதிரி வழுகி இறங்கினார் எங்கள் வீரர்.

நிரோஷினி எண்ணெயைச் சூடாக்கி வைத்திருந்தாள். தொடையில் கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துவிட்டாள். தொடை இரண்டும் வீங்கி, கல்லுப் போல் இருந்தன. விரல் பட்டதற்கே மனிதர் "ஐயோ அம்மா" என்று அலறினார்.

"அண்ணை, என்ன செய்தனீங்கள்?"

"சும்மா, முந்நூறு தோப்புக்கரணம்."

"முந்நூறோ?" அவளுடைய முகம் மாறியது. "எப்ப? சனிக்கிழமையோ? அண்ணை, கோவிக்காதேங்கோ, சலம் என்ன நிறத்தில போகுது?"

நவரட்ணத்துக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "உது என்ன கேள்வி? பொம்பிளைப்பிள்ளை கேக்கிற கேள்வியே உது?"

"தெரிஞ்சாத்தான் அண்ணை நான் கை வைக்கலாம்."

"நாரி நோ, கால் நோ எண்டு வந்தா உருவி விடுறதை விட்டிட்டு, உனக்கேன் உந்த விசாரணை?" நீர் என்பது நீ என்று இறங்கிவிட்டது. "நீ என்ன டொக்டரோ? எண்ணெய் தேய்க்கிறனியெண்டா எண்ணெயைத் தேய்!"

நிரோஷினி ரதியைப் பார்த்தாள். நவரட்ணமும் ரதியைப் பார்த்தார், வாய் திறக்காதே என்ற பார்வை. ரதி நிலத்தைப் பார்த்தாள். பாவி, அப்போதும் வாய் திறக்கவில்லை. திறக்காதது மட்டுமில்லை, "பிள்ளை, ஒரு பத்து நிமிசம் மெதுவாத் தடவி விடுமன்," என்று கெஞ்சவும் செய்தாள்.

"மாட்டன் அக்கா," என்றாள் நிரோஷினி. எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி அலுமாரியில் வைத்தாள். "இது களைச்ச தசை இல்லை. இதில நான் தொடமாட்டன். நேர எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கோ."

"எமர்ஜென்சிக்கோ? எட்டு மணித்தியாலம் இருத்தி வைச்சிட்டு ரைலனோல் குளிசை குடுத்து அனுப்புவாங்கள்!" நவரட்ணம் கட்டிலைப் பிடித்து எழும்பினார். "எழும்பும் ரதி. நோ எடுக்கிற சீமோனிட்டப் போவம். அவன் மேல ஏறி நிண்டு உழக்குவான். கேள்வி கேக்க மாட்டான்."

அவரை மேலே ஏற்றி வானுக்குள் போடுவதற்குள் ரதிக்கு உயிர் போய்வந்தது. சாவியைத் திருகும்போது யன்னல் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். நிரோஷினி. காலில் செருப்பில்லை. கையில் ஒரு கடிதத் தாள்.

"அக்கா, நான் அண்ணைட்டக் கேக்கேல்லை. உங்களிட்டக் கேக்கிறன். என்ன நிறம்?"

"உவளுக்கு என்ன விசரே? வானை எடும்!" என்றார் நவரட்ணம் பக்கத்தில் இருந்து.

ரதிக்கு அந்தக் குளியலறை கண்ணுக்குள் வந்து நின்றது. "பிளேன்ரீ மாதிரி," என்றாள். "நேற்றிலயிருந்து. இண்டைக்கு இன்னும் கறுப்பு. காலமை ஒருக்காத்தான் போனது."

"நான் நினைச்சன்." நிரோஷினி தாளை யன்னலால் நீட்டினாள். "அக்கா, வடிவாக் கேளுங்கோ. அளவுக்கு மிஞ்சி வேலை குடுத்ததில தசை உடைஞ்சுபோச்செண்டு நினைக்கிறன். உடைஞ்ச கழிவு இரத்தத்தில கலந்து கிட்னியை அடைக்குது. அதுதான் அந்த நிறம். இதுக்கு மேல ஏறி உழக்கினா இன்னும் உடையும். கிட்னி போயிடும் அக்கா. ஆளும் போகலாம். இந்தக் கடிதத்தை நேர்ஸிட்டக் குடுங்கோ, எல்லாம் எழுதியிருக்கு. இனி நோக் குளிசையும் குடுக்காதேங்கோ."

ரதி தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வானை எடுத்தாள். பெருந்தெருச் சந்தியில் சிவப்பு விளக்கு. இடப்பக்கம் திரும்பினால் சீமோன் வீடு. வலப்பக்கம் ஆஸ்பத்திரி.

"இடக்கைப் பக்கம் திருப்பும்," என்றார் நவரட்ணம்.

ரதி வலப்பக்கத்துக்குச் சிக்னல் போட்டாள்.

"இடக்கைப் பக்கமெண்டு சொன்னனான்!"

"இறங்கி நடந்து போங்கோ, ஏலுமெண்டா!"

இருபத்தாறு வருடக் கலியாணத்தில் அவள் அப்படிக் கத்தினதில்லை. நவரட்ணம் கதவுப் பிடியில் கை வைத்தார். தொடையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். பச்சை விளக்கு விழுந்தது.

எட்டு மணித்தியாலம் ஒருவரும் இருத்தி வைக்கவில்லை. முன்வாசல் நேர்ஸ் கடிதத்தை வாசித்தாள். இரண்டு கேள்வி கேட்டாள். சக்கர நாற்காலி வந்தது. ஏழு மணிக்கு முன்னமே நவரட்ணத்தின் இரண்டு கையிலும் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. இரத்தச் சோதனை முடிவோடு வந்த இளம் டொக்டர், தசை பெருமளவில் சிதைந்திருக்கிறது, சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது, நல்லவேளை இன்றைக்கே வந்தீர்கள் என்றார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டி வந்திருக்கலாமாம். இந்த நிலையில் அந்தத் தசையை அமத்தாமல் விட்டது பெரிய காரியம் என்றும் சொன்னார். பிறகு கடிதத்தைத் தூக்கிக் காட்டி, இதை எழுதினது யார், தன் வேலை தெரிந்த ஆள் என்றார்.

ரதி தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே அச்சடித்த எழுத்தில் நிரோஷினியின் முழுப்பெயர், படிப்பு, லைசன்ஸ் இலக்கம். நாலு வருடமாக ரதியும் கணவரும் அவளிடம் போய்வருகிறார்கள். அவளுடைய முழுப்பெயரை ரதி அன்றைக்குத்தான் வாசித்தாள்.

வெளியே நடைபாதையில் நின்று அவளுக்குப் போன் எடுத்தாள். "நிரோ, டொக்டர் நீர் சொன்னதைத்தான் சொன்னவர். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"அண்ணைக்குச் சலம் போகுதோ?" என்றுதான் நிரோஷினி முதலில் கேட்டாள். போகிறது என்றதும் பெருமூச்சு விட்டாள். பிறகு நாலு வருடத்து எரிச்சலும் ஒன்றாக வந்தது. "மன்னிப்புக் கிடக்கட்டும் அக்கா. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சுபோச்சு. ஓய்வெடுங்கோ எண்டா கேக்கிறேல்லை. தண்ணி குடியுங்கோ எண்டா கேக்கிறேல்லை. உங்கட ஆக்களுக்கு என்ர கை வேணும், வாய் வேண்டாம்."

ரதி போனை வைத்துவிட்டு அந்தக் கடிதத்தை இன்னுமொருக்கா வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கயிறிழுக்கும் குழு ஆஸ்பத்திரிக்கு வந்தது. நவரட்ணத்துக்குச் சிறுநீரின் நிறம் தெளிந்து, முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. இராஜரட்ணம் ஒரு பை முந்திரிகைப் பழத்தோடு, ஒரு காலை இழுத்து இழுத்து முன்னால் வந்தார்.

"நல்ல காலம் மச்சான், வேளைக்குப் பிடிச்சிட்டாங்கள். ஆர் கண்டுபிடிச்சது?"

நவரட்ணம் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "மார்க்கத்தில எங்கட பிசியோ ஒருத்தர்..."

ரதி உரித்துக்கொண்டிருந்த தோடம்பழத்தைப் படாரென்று மேசையில் வைத்தாள்.

"பிசியோவும் இல்லை, ஒருத்தரும் இல்லை. மசாஜ் செய்யிற நிரோஷினி."

பின்னால் நின்ற ஒருவர் மசாஜ் என்ற சொல்லுக்குக் களுக்கென்று சிரித்தார். இராஜரட்ணத்தின் மீசையும் துடித்தது.

"என்ன சிரிப்பு? இதில நிக்கிற ஆராவது அவவின்ர பக்கக் கதவால போகாத ஆள் இருக்கோ?" ரதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது. "சரி இராஜரட்ணம் அண்ணை, நீங்களும் நூற்றைம்பது தோப்புக்கரணம் போட்டனீங்கள். இன்னும் நொண்டுறியள். சொல்லுங்கோ பாப்பம், உங்கட சலம் என்ன நிறம்?"

"ரதி, உதென்ன பிள்ளை, ஆக்களுக்கு முன்னால..."

"சொல்லு மச்சான்," என்றார் நவரட்ணம் கட்டிலிலிருந்து. குரல் தாழ்ந்திருந்தது. "அந்தப் பிள்ளை கேக்கேக்க நான் சொல்லேல்லை. பேசிப்போட்டு வந்தனான். அதுக்குத்தான் இப்பிடிக் கிடக்கிறன்."

இராஜரட்ணம் பழப்பையை மேசையில் வைத்தார். "மஞ்சள்தான். சாதாரண மஞ்சள்."

"அப்ப பிழைச்சியள். கயிற்றை எறிஞ்சுபோட்டு, தண்ணியைக் குடிச்சுக்கொண்டு வீட்டில இருங்கோ. பிறகு அவவிட்டப் போறதெண்டா, போன் அடிச்சு அவவுக்கு எப்ப வசதியெண்டு கேட்டு, முன் கதவால போங்கோ." ரதிக்குக் கண் கலங்கியது, ஆனால் குரல் இறங்கவில்லை. "நானும் நாலு பேருக்கு முன்னால அவவின்ர பேரைச் சொல்ல வெக்கப்பட்டனான். உண்மையில வெக்கப்படவேண்டியது நாங்கள். தொழில் தெரிஞ்ச ஆள் எண்டுதானே நோகேக்க ஓடிப்போறம்? அப்ப அந்த ஆள் நிப்பாட்டு எண்டா நிப்பாட்டோணும். ஒருத்தரின்ர கையை நம்பி உடம்பைக் குடுக்கிறம் எண்டா, அவையின்ர வாய்ச்சொல்லையும் நம்போணும், நாலு பேருக்கு முன்னால அவையின்ர பேரையும் சொல்லோணும். கை மட்டும் வேணும் எண்டு நிண்டா, இப்பிடித்தான், ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் போய் முடியும்!"